மும்பையிலிருந்து ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு நான்கு நாள் பயணம்: எப்படித் திட்டமிடலாம்?

மே மாதத்தில் போங்கள். பகல் நீளம், மழை ஓரளவு குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கடித்தே ஓய்த்துவிடும்.

லண்டன் வழியாக வட ஸ்காட்லாந்து நகரமான இன்வர்னெஸ், அங்கே வாடகைக் கார். 1995-இல் திறந்த பாலம் இருப்பதால் படகு தேவையில்லை. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள நம் ஓட்டுநர் உரிமமே போதும். தீவில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும், அங்கே காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

தங்க, தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீ வசதி. அறையை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

நடைக்கு என் முதல் தேர்வு குவிராங். சுமார் 7 கிலோமீட்டர் சுற்று, நிலச்சரிவில் உருவான பாறைகளும் பச்சைச் சரிவுகளும் கண்ணை விட்டு அகலாது. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணுக்கான நடை அதைவிடச் சிறியது. அதிகாலையில் போனால் கூட்டம் இருக்காது. மழையில் லோனாவாலா பக்கம் லோஹகட் கோட்டை ஏறிய மாட்டுங்காக்காரர்களுக்குச் சேறு பழக்கம்தான். ஆனால் ஸ்கையில் மழையோடு குளிர்காற்றும் சேர்ந்து அடிக்கும், குடை நிற்காது. நீர்புகா மேலங்கியும் கணுக்கால் வரை பிடிக்கும் காலணியும் கட்டாயம். மேகம் இறங்கி வழி மறைந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். அதற்காகவே ஒரு நாளைக் காலியாக வையுங்கள்.