கொரியப் பாட்டும் கவிழ்த்த சைக்கிளும்

கேள்வி: மகள் தரம் 7 இல் படிக்கிறாள். எழும்பினாலும் பி.ரி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக் குழு, படுக்கப் போனாலும் பி.ரி.எஸ். ஒரு சொல்லும் விளங்காத கொரியப் பாட்டு! நான் இளையராஜா போட்டால் "நிப்பாட்டுங்கோ அப்பா" என்கிறாள். எங்கள் இசையை மறந்துபோகும் பிள்ளையிடமிருந்து போனைப் பறித்து வைப்பது சரிதானே?
(46 வயதுத் தகப்பன், முள்ளியவளை)

பதில்: சரியில்லை.

உங்களுக்கு முன்னமே பறித்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. சனம் சாஸ்திரிய சங்கீதம் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் போட்ட கெடுபிடியில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு இல்லாமலே போனது. சனம் என்ன செய்தது? றேடியோவைத் திருகிக் கொழும்புக்கு வந்துவிட்டது. இலங்கை வானொலிக்கு அது பொற்காலம். கடைசியில் 1957 இல் அவர்களே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுப் போட வேண்டியதாயிற்று. மத்திய அமைச்சராலேயே முடியவில்லை. உங்கள் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் கேட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

உங்கள் வயதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். தொண்ணூறுகளில் நீங்கள் பள்ளிக்கூடப் பெடியன். சண்டைக் காலம்; வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவன் பெடலைச் சுற்றச் சுற்ற, டைனமோவில்தானே கசெட் கேட்டீர்கள்? சுற்றுகிறவன் களைத்தால் ஜானகியின் குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரலாகும். (நானும் சுற்றியிருக்கிறேன்.) அந்த நேரம் உங்கள் அப்பா வந்து "என்னடா இது கத்துது" என்று கேட்கவில்லையா?

சொல் விளங்காததைப் பற்றிச் சொன்னீர்கள். கலியாண வீட்டில் சிங்கள பைலாவுக்கு ஆடியபோது சிங்களம் விளங்கித்தான் ஆடினோமா? விளங்குகிற தமிழ்ப் பாட்டிலேயே சில வரிகளுக்கு மகள் பொருள் கேட்டால், நீங்கள் மெல்ல எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள்.

அப்புறம் அந்த "எங்கள் இசை". இளையராஜா எனக்கும் உயிர்தான். ஆனால் அந்தப் பாட்டுகள் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தவை, முள்ளியவளை வயலில் அல்ல. உங்கள் மண்ணின் பாட்டு அருவி வெட்டும்போது, அதாவது நெல் அறுவடையின்போது, பாடியது. பயிரை அழிக்க வந்த பன்றியையும் குருவியையும் வைத்துப் பாடிய பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும். விடிய விடிய ஆடிய கோவலன் கூத்து. சாமத்தியவீட்டுக்கு ஆளுயரப் பெட்டிகளோடு டீஜே பிடிக்கிற நாங்கள், இவற்றில் எதைப் பிள்ளையின் காதில் விழ விட்டோம்?

அருவி வெட்டுப் பாட்டில் நாலு வரி உங்களுக்குப் பாடமிருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். இல்லையென்றால், மகள் பாட்டுக் கேட்கும்போது பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். பி.ரி.எஸ். குழுவின் அந்த ஏழு பெடியளில் யார் யாரென்றாவது தெரியவரும்.