உயில் எழுதியாச்சு, சேம நிதி யாருக்கு?

சிங்கப்பூர் ஈஷூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 48, துணைவருக்கு 45. இருவரும் ஆண்கள், இருவரும் குடிமக்கள், இந்துக்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். திருமணமாகாதவர்கள் கூட்டாக வாங்கும் திட்டத்தில் நாலறை மறுவிற்பனை வீடும் வாங்கிவிட்டார்கள். சென்ற மாதம் வாசகருக்கு நெஞ்சுவலி. மருத்துவமனை முகப்பில் துணைவரிடம் "என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சற்றுத் தயங்கி, "ஹவுஸ்மேட்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. "எனக்கு ஏதாவது ஆனால் என் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி அவருக்குப் போகுமா? அண்ணன் வந்து தடுப்பாரா? உயிலும் தாய்லாந்துத் திருமணமும் சேர்த்து 1,800 வெள்ளிக்கு முடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள்.

தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் ஆணும் ஆணும் மணந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆசைக்குப் போய் மணந்துகொள்ளுங்கள், வாழ்த்துகள். ஆனால் இங்கே திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின்படி அந்தத் திருமணம் செல்லாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடமோ மத்திய சேம நிதிக் கழகத்திடமோ அந்தச் சான்றிதழைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. "அதான் 377ஏ போய்விட்டதே சார்" என்று முகவர் சொல்லியிருப்பார். ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய அந்தச் சட்டப் பிரிவு போனது சரிதான். 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தது. அதே நாளில் அரசமைப்புச் சட்டத்தில் 156ஆம் பிரிவைச் சேர்க்கவும் வாக்களித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் திருமணம் என்று வைத்திருப்பதை அடிப்படை உரிமை பேசி நீதிமன்றத்தில் உடைக்க முடியாதபடி அது காவல் நிற்கிறது. ஆக, நீங்கள் குற்றவாளி இல்லை. குடும்பமும் இல்லை.

இந்தத் தொகுப்பு வியாபாரத்தை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். போன வருடம் ஒருவர் எடுத்து வந்த உயிலைக் கையில் வாங்கினேன். கெட்டித் தாள், தங்க முத்திரை, சிவப்பு ரிப்பன், கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும். மூன்றாவது பத்தியில் "என் மத்திய சேம நிதித் தொகை முழுவதையும் என் அன்புத் துணைவருக்கு அளிக்கிறேன்" என்று இருந்தது. அந்த வரிக்கு ஒரு காசு மதிப்பில்லை. சேம நிதி உங்கள் சொத்துக் கணக்கிலேயே வராது, உயில் அதைத் தொட முடியாது. உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று கழகத்தில் நீங்கள் பெயர் எழுதிவைக்கும் நியமனம் மட்டும்தான் செல்லும். நியமனம் இல்லாவிட்டால் பணம் அரசு அதிகாரியான பொது அறங்காவலரிடம் போகும். அவர் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, சட்டம் சொல்லும் வாரிசுக்குக் கொடுப்பார். உங்களுக்கு மனைவி மக்கள் இல்லாததால் அது அப்பா அம்மா. பெற்றோர் இருவரும் இல்லையென்றால் அண்ணன். அந்தப் பட்டியலில் உங்கள் துணைவருக்கு எந்த வரியிலும் இடமில்லை.

நியமனத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், உறவாக இருக்க வேண்டியதில்லை. அரசாங்க இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், செலவில்லை. 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். துணைவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், பணம் பெறுபவர் சாட்சியாக முடியாது.

இங்கே ஒரு விலக்கு. சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம், டிபிஎஸ் என்பார்களே, அதன் பிரீமியம் சேம நிதியிலிருந்துதான் போகிறது. அதனால் சேம நிதி நியமனம் இதற்கும் சேர்த்துத்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. அது காப்புறுதி. 2021 ஏப்ரலிலிருந்து அதை நடத்துவது கிரேட் ஈஸ்டர்ன். 60 வயதுக்குள் இறந்தால் 70,000 வெள்ளி வரை வரும். அதற்கு அவர்களிடம் தனியாக நியமனம் செய்ய வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: சேம நிதிக்கு ஒன்று, டிபிஎஸ்ஸுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு நியமனம். டிபிஎஸ் தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது, வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தானாகச் சேர்ந்திருக்கும். காப்புறுதி நியமனத்தில் இரண்டு வகை உண்டு. மாற்ற முடியாத வகை மனைவி மக்களுக்கு மட்டும். நீங்கள் போட வேண்டியது மாற்றக்கூடிய வகை. முகவர் படிவத்தைத் தவறாக எடுத்து நீட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். பத்திரத்தில் நீங்கள் இருவரும் கூட்டு உரிமையாளர்களா, ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரித்திருக்கிறதா, பாருங்கள். கூட்டு உரிமை என்றால் ஒருவர் போனால் வீடு மற்றவருக்கு. பங்கு பிரித்திருந்தால் உங்கள் பங்குக்கு உயில் வேண்டும், அதை எந்த வழக்கறிஞரிடமும் ரிப்பன் இல்லாமல் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் மருத்துவமனை. அண்ணனைப் பற்றி அவ்வளவு பயப்படாதீர்கள். நினைவிழந்த நோயாளிக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை இந்த நாட்டில் அண்ணனுக்கும் இல்லை, கட்டிய மனைவிக்கும் தானாக வருவதில்லை. நோயாளியின் நலனைப் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுப்பார். நீங்கள் துணைவரை எல்பிஏ எனும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் 'டோனி'யாக, அதாவது உங்களுக்காக முடிவெடுப்பவராக, நியமித்துவிட்டால், உங்களுக்கு மனத்திறன் இல்லாத நேரத்தில் உங்கள் பராமரிப்பையும் பணத்தையும் பற்றி அவர் முடிவெடுக்கலாம். உயிர்காக்கும் சிகிச்சை மட்டும் அதிலும் மருத்துவர் கையில்தான். இணையத்தில் நிரப்பி, அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளித்து, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. உங்கள் வார்டு கட்டணத்துக்குத் துணைவர், சேம நிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் தன் மெடிசேவ் கணக்கைத் தொட முடியாது. வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் பேசும் அண்ணன் தாராளமாகக் கட்டலாம். பதினான்கு வருடம் மின்கட்டணம், வீட்டுக் கடன் எல்லாம் பாதிப்பாதி கட்டியவர் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள், மரியாதையான பதில் கடிதம் வந்தது.

இந்த வாரமே சேம நிதி நியமனத்தை முடியுங்கள், அடுத்து டிபிஎஸ், அதற்கடுத்து எல்பிஏ. அடுத்த முறை முகப்பில் உறவு கேட்டால் துணைவர் "ஹவுஸ்மேட்" என்று சொல்ல வேண்டாம். "எல்பிஏ டோனி" என்று சொல்லி, கைப்பேசியில் பத்திரத்தைத் திறந்து காட்டட்டும்.