மில்லார்டு திறந்து காட்டிய இழுப்பறை

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் வீட்டுச் சுவரிலிருந்து பல்லி ஒன்று விழுந்து, வாலை விட்டுவிட்டு ஓடிவிட்டது. வால் மட்டும் தரையில் கிடந்து துடித்தது. "அம்மா, இப்ப உயிர் பல்லிகிட்ட இருக்கா, வால்கிட்ட இருக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் கேட்டதற்கு, பரீட்சைக்கு வராததை ஏன் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டார்களாம். விஞ்ஞானி ஆகவேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு எதனால் வருகிறது? வாழ்க்கை வரலாறுகள் வாங்கிக் கொடுத்தால் வருமா?

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு ஆர்வம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதை யார் கையில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது.

பறவையியலாளர் சாலிம் அலியை எடுத்துக்கொள்வோம். 1896இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பம்பாயில் தாய்மாமன் அமீருத்தீன் தயப்ஜி வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. ஊர்க்குருவிக்கு அது கிடையாதே! மாமாவிடம் கொண்டுபோனார். மாமா வேட்டைப் பிரியர். ஆனாலும் அது என்ன பறவை என்று அவருக்குத் தெரியவில்லை. மழுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பிவைத்தார்.

வெள்ளைக்காரத் துரை என்ற பயத்தோடுதான் பையன் போனான். மில்லார்டு பார்த்ததுமே அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொள்ளலாம் என்றார். இத்தனைக்கும் மில்லார்டின் தொழில் மது வியாபாரம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் குருவியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த மாமாவும் மில்லார்டும்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். மற்றவர் ஒரு சின்னப் பையனின் சந்தேகத்துக்குத் தன் வேலை நேரத்தைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பட்டம் இல்லாததால், எதிர்பார்த்த அரசு வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனி போய் பறவையியல் அறிஞர் எர்வின் ஸ்ட்ரெசமானிடம் பயின்று 1930இல் திரும்பினால், இங்கே அருங்காட்சியகத்தில் பார்த்துவந்த வேலையும் இல்லை. கிஹிம் என்ற கடலோர ஊரில் போய்த் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து கவனித்தார். ஆண் பாதிக் கூட்டைப் பின்னி வைக்கிறது. பெண் வந்து சோதித்துப் பார்த்து, பிடித்தால் ஏற்கிறது. பிறகு ஆண் அதை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. காலங்காலமாக நம் கண்ணெதிரே தொங்கிய கூடுகள்தான். வேலையில்லாத மனிதர் ஒருவர் பொறுமையாகப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது.

இனி வால் விஷயம். பல்லியின் வாலெலும்புகளில் முறிவதற்கென்றே இடம் அமைந்திருக்கிறது. அறுந்த வாலுக்குள் இருக்கும் தண்டுவடப் பகுதி, மூளை இல்லாமலே தசைகளைக் கொஞ்ச நேரம் இயக்கும். பிடிக்க வந்த பூனை துடிக்கும் வாலைப் பார்த்து நிற்கும், பல்லி தப்பிவிடும். இதை உடனே அவளிடம் சொல்லிவிடாதீர்கள். உயிர் எதில் இருக்கிறது என்று அவள் என்ன நினைக்கிறாள், ஏன் அப்படி நினைக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பல்லி இன்னும் வீட்டில் இருந்தால், புது வால் முளைப்பதை வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் தேதி போட்டு வரைந்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு வால் பார்க்கும் ஆசையில் பல்லியைச் சீண்டவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கல்லூரி எதிலாவது விலங்கியல் துறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு ஒருநாள் அழைத்துப் போங்கள். அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும். பேராசிரியரிடம் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், அவளே கேட்கட்டும்.