மஞ்சள் கேடிலாக்கை என்ன விலைக்குக் கொடுப்பது?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன், வயது 71. 1998-ல் பக்கத்துத் தெருக்காரரிடம் 1976 மாடல் கேடிலாக் எல்டராடோ கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கிற கார்) வாங்கினேன், வெளிர் மஞ்சள். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு வருடாவருடம் அதில்தான் போவோம், என் மனைவி சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் வருவார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பையனுக்கு ஆர்வமில்லை. ஒரு வியாபாரி 9,000 டாலர் என்கிறார். நண்பரோ ‘அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள், 60,000-க்குக் குறைத்துக் கொடுக்காதே’ என்கிறார். புது பெயின்ட் அடித்து விற்கலாமா?

பதில்: முதலில் நண்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். ‘கடைசி’ என்ற பேச்சை நம்பி 1976-லேயே நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இதுதான் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என்று சொல்லித்தான் அந்த வருடம் 14,000 எல்டராடோக்களை விற்றார்கள். 11,000 டாலர் சொச்சத்து வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, நாளைக்குப் பொன்னாக விளையும் என்று ஓட்டாமலே போர்த்தி வைத்தவர்கள் ஏராளம். 1984 மாடலில் அதே கேடிலாக் மறுபடி கன்வெர்ட்டிபிளைக் கொண்டு வந்ததும் கடுப்பாகி கோர்ட்டுக்கே போனார்கள். இப்படி எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்ததால் இன்றைக்கும் நிறைய வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன, விலை ஏறாததற்கு அதுவே ஒரு காரணம். கூடுதல் மவுசு கடைசி 200 வண்டிகளுக்குத்தான். அமெரிக்க சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டுக்காக வந்தவை அவை, உள்ளும் வெளியும் வெள்ளை, சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடு. உங்களுடையது மஞ்சள், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம்.

அதற்காக 9,000-க்குத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். வியாபாரி தன் லாபத்தைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்லுவார், அது அவர் பிழைப்பு. ஹேகர்ட்டி நிறுவனத்தின் இணையதளத்தில் பழைய கார்களுக்கு நிலைவாரியாக, 1 முதல் 4 வரை தரம் பிரித்து விலை போட்டிருப்பார்கள், 1 தான் உச்சம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எல்லா சொந்தக்காரரும் தன் வண்டி 2 என்பார்கள், வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது 3. நீங்களே 3 என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் மனக்கசப்பு இருக்காது.

பெயின்ட் அடிக்காதீர்கள். உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், புது பெயின்டைப் பார்த்ததும் வருகிறவர் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து, துருவை மறைக்க எங்கே பட்டி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் தேடுவார். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற அந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பாருங்கள். எழுபதுகளின் கேடிலாக்குகளுக்கு வாய்த்த சாபக்கேடு அது, விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஃபைபர் கிளாசில் செய்தது கிடைக்கிறது, மாற்றினாலே வண்டி பத்து வயது குறைந்த மாதிரி தெரியும். அப்புறம் இரண்டு வீடியோ எடுங்கள். காலையில் ஆறிப்போன 8.2 லிட்டர் என்ஜின் முதல் முறை ஸ்டார்ட் ஆவது ஒன்று, கூரை முழுசாகத் திறந்து மூடுவது ஒன்று, வெட்டி ஒட்டாமல். அந்தக் கூரை கத்தரிக்கோல் போல உள்நோக்கி மடங்கும், ஒரு பக்கம் முந்திக்கொண்டு இழுத்தால் அதையும் மறைக்காமல் காட்டிவிடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த படங்களும் வேண்டும். உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது, பையனைப் படுக்கச் சொல்லுங்கள், அந்த அளவுக்காவது உதவட்டும்.

ஆகஸ்ட் வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ரோட்டில் ‘உட்வர்ட் டிரீம் குரூஸ்’ என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும், 1995-லிருந்து நடக்கிறது, பழைய கார் பைத்தியங்கள் எல்லோரும் அந்த ரோட்டில்தான் இருப்பார்கள். கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு அட்டையை வைத்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சுருதிப்பெட்டி இல்லாமல்.

கேள்வி (அவரே, மூன்று வாரம் கழித்து): விளம்பரம் கொடுத்தேன். ஒருவர் வண்டியைப் பார்க்காமலே 19,000-க்குச் சம்மதம் என்கிறார். 22,000-க்கு பேங்க் செக் தபாலில் அனுப்புவாராம், மீதி 3,000-ஐ வண்டி ஏற்றிப் போகிறவரிடம் நான் கொடுக்க வேண்டுமாம்.

பதில்: கொடுக்காதீர்கள்! கள்ள செக், பழைய வித்தை. பணம் உங்கள் கணக்கில் வந்த மாதிரியே தெரியும், நாலு நாளோ இரண்டு வாரமோ கழித்து செக் போலி என்று பேங்க் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், நீங்கள் கொடுத்த 3,000 போனது போனதுதான். நேரில் வந்து, அடியில் குனிந்து பார்த்து, பேரம் பேசி எரிச்சல் மூட்டுகிறவர்தான் நிஜமாக வாங்குகிறவர். அவருடைய பேங்குக்கே கூடப் போய், கவுன்ட்டரில் உங்கள் கண்முன்னால் செக் எழுதச் சொல்லி வாங்குங்கள். அங்கிருந்து இருவருமாக, மிச்சிகனில் வண்டிப் பதிவைப் பார்த்துக்கொள்கிற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போய் டைட்டிலை (வண்டியின் உரிமைப் பத்திரத்தை) அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டு டைட்டிலைக் கொடுத்தனுப்பினால், அவர் மாற்றாமல் ஓட்டுகிற வரைக்கும் தலைவலி உங்களுக்கு. மிச்சிகனில் நம்பர் பிளேட் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள்.