பக்கவாதம் வந்தவரின் கையைச் சோதிக்க ரோபோ எதற்கு? மருத்துவர் பார்த்தால் போதாதா?

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன். பலருக்குப் போதும். ஆனால் நாங்கள் தொட்டுப் பார்த்துச் சரியாகப் பிடிக்க முடியாத குறை ஒன்று உண்டு, தன் கை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போவது.

பலம் திரும்பியிருக்கும், கையைத் தூக்கிக் காட்டுவார், ஆனால் பார்வையைக் கையிலிருந்து வேறு பக்கம் திருப்பினால் டம்ளர் நழுவிவிடும். வீட்டில் உள்ளவர்கள் கவனமில்லை என்று திட்டுவார்கள். பாவம், அவர் என்ன செய்வார்!

இதற்கு எங்களிடம் இருக்கும் சோதனை என்னவென்றால், கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலை மேலேயோ கீழேயோ அசைத்து "எந்தப் பக்கம்?" என்று கேட்பது. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும். அசைவை அளக்கும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் கைக்கு 66 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போடுவோம், நல்ல அளவுகோல்தான், ஆனால் லேசாகத் தடுமாறுபவருக்கும் ரொம்பத் தடுமாறுபவருக்கும் அதே 1 விழுந்துவிடும்.

கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்காட் உருவாக்கிய கின்ஆர்ம் ரோபோ இங்கேதான் உதவுகிறது. முதலில் குரங்குகளின் கையசைவை ஆராயச் செய்த கருவி அது. நோயாளி தன் கைகளைப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, பாதித்த கையை ரோபோ ஓர் இடத்துக்கு நகர்த்தி நிறுத்தும். மறு கையை அவர் கண்ணாடியில் தெரிவது போல அதே நிலையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைத்தார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வைக்கிறாரா என்பதையெல்லாம் கணக்கிட்டு, ஆரோக்கியமானவர்களின் அளவோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். விளக்கு எரியும் இடத்தைத் தொடும் இன்னொரு சோதனையில், கை கிளம்ப எவ்வளவு நேரமாகிறது, முதல் வீச்சே கோணலாகப் போகிறதா, வழியில் எத்தனை தடவை வேகம் குறைந்து கூடுகிறது என்று பார்க்கிறார்கள்.

கனடாவின் கால்கரி நகரில் ஷான் டியூக்லோ என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இதே ரோபோவை வைத்து, கையைக் கண்ணால் பார்க்க விட்டும் சிலருக்கு இந்தக் குறை சரியாகவில்லை என்று காட்டினார்கள். "பார்த்துச் செய்யுங்கள்" என்று நோயாளியிடம் சொல்வதே எங்கள் வழக்கம் என்பதால், எனக்கு இது பெரிய விஷயம்.

இந்த ரோபோவிலும் குறை இருக்கிறது. விலை அதிகம், கையைத் தாங்கிப் பிடித்தபடி ஒரே மட்டத்தில்தான் நகர்த்துகிறது, அதனால் சட்டைப் பொத்தான் போட முடியுமா என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, ரோபோ இல்லாத ஊரில் என்ன செய்வது? கண்ணை மூடச் சொல்லி, பாதித்த கையை மெதுவாக ஒரு நிலையில் பிடித்துக்கொண்டு, மறு கையை அதே போல வைக்கச் சொல்லுங்கள். வலித்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப ரொம்பத் தள்ளிப் போனால் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள், பயிற்சியை அதற்கேற்ப மாற்றுவார். அதுவரை அடுப்புப் பக்கமும் வெந்நீர் பக்கமும் அந்தக் கையை நம்பி விட வேண்டாம்.