மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப்போகிறேன். வளாகத்தில் கிடைக்கும் எந்தெந்த உதவிகளை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆன் ஆர்பர் வளாகத்தில் இந்த ஆகஸ்டில் சேரப்போவதாகவும், வருகிற மின்னஞ்சல்களில் இருபது அலுவலகங்களின் பெயர் இருப்பதாகவும், அதில் எதை நிஜமாகவே பயன்படுத்துவார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் 2022 முதல் 2024 வரை அங்கே படித்தேன். எனக்கு உதவியவற்றையும், தெரியாமல் கோட்டை விட்டவற்றையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கட்டும் செமஸ்டர் கட்டணத்திலேயே மருத்துவ நிலையம், வக்கீல், பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வருவது போலத்தான் இது. நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பணமாகவே திரும்பி வந்த உதவியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டூடன்ட் லீகல் சர்வீசஸ் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. மாணவர்களுக்கு மட்டுமான வக்கீல் அலுவலகம். படித்துக்கொண்டிருக்கும் வரை ஆலோசனைக்குக் காசு கிடையாது. முதல் வருடம் நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆகஸ்டில் காலி செய்தோம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது: பெயின்ட் அடித்த செலவு, கம்பளம் சுத்தம் செய்த செலவு என்று அட்வான்ஸில் 900 டாலர் பிடித்திருந்தார். நம்மூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். 'சரி, போகட்டும்' என்று இருந்திருப்போம். எங்கள் துறையில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த மதுரைக்கார அக்கா ஒருவர்தான் விடவில்லை. "போய்க் கேளுங்கடா, சும்மாதானே?" என்று துரத்தினார்.

அந்த வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வி, குடிபோன அன்று வீட்டின் நிலையைக் குறித்துக்கொடுக்கும் பட்டியலை நிரப்பினீர்களா என்பது. அதிர்ஷ்டவசமாக நிரப்பியிருந்தோம், சுவர்க் கறைகளைப் படமும் எடுத்து வைத்திருந்தோம். அப்புறம் அவர் சொன்ன சட்டத்தை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். மிச்சிகன் மாநிலத்தில் அட்வான்ஸ் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தப் பட்டியலைக் குடிபோன 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலி செய்த 4 நாளுக்குள் உங்கள் புது முகவரியை எழுத்தில் தர வேண்டும். வீட்டுக்காரர் 30 நாளுக்குள் எதற்கு எவ்வளவு பிடித்தார் என்று கணக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 7 நாளுக்குள் தபாலில் மறுப்பு அனுப்ப வேண்டும். மறுத்த பிறகும் பணத்தை வைத்துக்கொள்ள நினைத்தால், நீங்கள் காலி செய்த 45 நாளுக்குள் அவர்தான் நீதிமன்றம் போக வேண்டும். போகாமல் பணத்தையும் தராமல் இருந்தால், பிடித்து வைத்ததைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டி வரலாம். சாதாரணமாகக் குடியிருந்ததால் வரும் தேய்மானத்துக்கு அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

மறுப்புக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று அவரே உட்கார்ந்து சொல்லித் தந்தார். கணக்கு வந்து ஐந்தாம் நாள் அனுப்பினோம். 640 டாலர் திரும்பி வந்தது. கம்பளத்தில் சாம்பார் கொட்டியது நாங்கள்தான், அதனால் மீதிக்கு வாயைத் திறக்கவில்லை.

காலி செய்யும்போது மட்டும் அங்கே போக வேண்டும் என்றில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். நான்கு பேரில் ஒருவர் வாடகை தராமல் ஓடிவிட்டால் மற்ற மூவரும் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஒரு வரம்பும் உண்டு: எதிர்த்தரப்பு பல்கலைக்கழகமாகவோ இன்னொரு மாணவராகவோ இருந்தால் அவர்கள் வாதாட மாட்டார்கள்.

வீடு பற்றி வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் என்றால் உங்கள் வகுப்புகள் பெரும்பாலும் வடக்கு வளாகத்தில் இருக்கும். அங்கே நார்த்வுட் என்ற பல்கலைக்கழகக் குடியிருப்பு முதல் வருடத்துக்கு நல்ல தேர்வு. மத்திய வளாகத்தில் மங்கர் விடுதி இருக்கிறது. முதலீட்டாளர் சார்லி மங்கர் 11 கோடி டாலர் நன்கொடை தந்து, 2015இல் திறந்தது. படுக்கையறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜன்னலே கிடையாது. எல்லோரும் பொது அறைக்கு வந்து பழகட்டும் என்பது அவர் யோசனை. எனக்கு ஒத்துவராது, ஆனால் அங்கே இருந்த நண்பன் இரண்டு வருடமும் நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்தது உடம்பு. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாதது வேறு. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மருத்துவ நிலையத்தில் டாக்டரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை, அது செமஸ்டர் கட்டணத்தில் அடக்கம். இரவில் காய்ச்சல் வந்தால் தொலைபேசியில் நர்ஸிடம் பேசி, இப்போதே ஓட வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். என் அறைத் தோழனுக்கு இது தெரியாது. கணுக்கால் பிசகியதற்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனான். எக்ஸ்ரே எடுத்து, ஒரு கட்டுப் போட்டு, இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். காப்பீடு போகவும் பல நூறு டாலருக்குப் பில் வந்தது. காலை வரை பொறுத்திருந்தால் நடந்து போகும் தூரத்திலேயே டாக்டர் இருந்தார். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 911ஐக் கூப்பிடுங்கள், அது வேறு. மற்றதற்கு அந்த நர்ஸ் எண்ணை முதல் நாளே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மனநல ஆலோசனையும் இலவசம்தான். 'நமக்கெதுக்கு அதெல்லாம்' என்று நினைக்காதீர்கள். டிசம்பரில் அங்கே சூரியன் எட்டு மணி வாக்கில் எழுந்து ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால் கும்மிருட்டு, முகத்தில் பனி. எனக்கு முதல் குளிர்காலத்தில் காலையில் எழவே தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நான் படித்தபோது ஆலோசனை மையம் மிச்சிகன் யூனியன் கட்டடத்தில் இருந்தது. 1960 அக்டோபரில் அதிகாலை இரண்டு மணிக்குக் கென்னடி வந்து, பின்னால் பீஸ் கோர் என்ற வெளிநாட்டுத் தொண்டர் அமைப்பாக ஆன யோசனையைப் பேசினாரே, அதே கட்டடத்துப் படிகள் ஏறித்தான் போக வேண்டும். உள்ளே பளீரென்று எரியும் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். வெயில் போதாதவர்களுக்கு அதன் முன் அரை மணி நேரம் உட்காருவதே சிகிச்சை. கூச்சத்தோடு போனேன். பக்கத்து நாற்காலியில் என் புள்ளியியல் வகுப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். செமஸ்டர் நடுவில் ஆலோசகரைப் பார்க்கக் கூட்டம் அதிகமாக இருக்கும், அதனால் மனம் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பேசி வையுங்கள்.

நூலகம் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. மத்திய வளாகத்தில் ஹாச்சர், வடக்கு வளாகத்தில் டூடர்ஸ்டாட் மையம். பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் பெயர்தான் அது, மாணவர்கள் செல்லமாக 'டூட்' என்பார்கள். செமஸ்டர் நாட்களில் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நூலகர் இருக்கிறார் என்பது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. என் ஆய்வுக்கு எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது என்று மூன்று வாரம் தடுமாறியதை அவர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு புத்தகம் அங்கே இல்லை என்றால் யூபாரோ என்ற வசதியில் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், ஒரு காசு வாங்காமல். ஹாச்சர் அடுக்குகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. அங்கே இல்லாத ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு எனக்குச் சிகாகோவிலிருந்து ஒரு வாரத்தில் வந்தது. மதுரையில் தேடி எனக்குக் கிடைக்காத புத்தகம் அது!

எழுதுவதற்கு ஸ்வீட்லாண்ட் மையம் இருக்கிறது. ஆங்கிலப் பிழை திருத்தித் தரும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள், வாதம் எங்கே அறுந்துபோகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார்கள். புள்ளியியலில் சிக்கினால் சிஸ்கார் என்ற ஆலோசனை மையம். தரவை எடுத்துக்கொண்டு போனால் எந்தச் சோதனை பொருந்தும் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், வளாகத்தில் மிகக் குறைவாகப் பயன்படும் பொக்கிஷம் இதுதான்.

ஜி.எஸ்.ஐ., அதாவது வகுப்பெடுக்கும் மாணவர் வேலை கிடைத்தால் கல்விக் கட்டணத் தள்ளுபடி, சம்பளம், காப்பீடு மூன்றும் சேர்ந்து வரும். அதற்குச் சிலருக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைப்பார்கள். 1941இல் தொடங்கிய ஆங்கில மொழி நிறுவனம் ஒன்று அங்கே உண்டு. அதன் வகுப்பில் முன்கூட்டியே சேர்ந்தால் தேர்வும் எளிது, கரும்பலகை முன் நிற்கும் பயமும் போகும். இந்த வேலைக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. நான் இருந்தபோது, 2023 மார்ச் இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஐந்து மாதம் நடந்தது. எந்த வேலையானாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் வளாகத்துக்குள் மட்டும். 'கடையில் கைச்சம்பளத்துக்கு நில்லுங்கள், ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் அண்ணன்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். விசா போனால் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள்.

காசு முடையாகிவிட்டால்? முதுநிலைப் படிப்புகளைக் கவனிக்கும் ராக்கம் பட்டப் பள்ளியில் அவசர உதவி நிதி இருக்கிறது. எதிர்பாராமல் வந்த செலவுக்கு மட்டும், திருப்பித் தர வேண்டியதில்லை. ராக்கம் என்பவர் 1903இல் ஹென்றி ஃபோர்டின் புதுக் கம்பெனியில் 5,000 டாலர் போட்டு, 1919இல் அதை 1.25 கோடி டாலருக்கு விற்ற வக்கீல். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த கட்டடத்தின் மேல்மாடிப் படிப்பறைகள்தான் ஊரிலேயே அமைதியான இடம். பெட்ஸி பார்பர் விடுதியின் அடித்தளத்தில் மெய்ஸ் அண்ட் ப்ளூ கப்போர்டு என்று ஓர் உணவு வங்கி இருக்கிறது. மாணவர் அட்டையைக் காட்டிவிட்டு அரிசி, பருப்பு, காய்கறி எடுத்துக்கொள்ளலாம். 'நாம் போய் நின்றால் உண்மையாகவே இல்லாதவனுக்குக் குறையுமே' என்று முதல் வருடம் நான் போகவில்லை. உதவித்தொகை ஒரு மாதம் தள்ளிப்போனபோது போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த செமஸ்டரில் சனிக்கிழமை ஒன்றில் அங்கேயே மூட்டை பிரித்துக் கொடுக்க நின்றேன், மனம் சமாதானமானது.

வரி விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் வரித்துறைக்குப் படிவம் 8843 அனுப்ப வேண்டும். சம்பளம் இருந்தால் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவம், ஏப்ரல் 15க்குள். டிவியில் விளம்பரம் வரும் வரி மென்பொருள்கள் உள்ளூர்க்காரர்களுக்கானவை. அவற்றில் போட்டுத் தப்பும் தவறுமாகிப் போனவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர். இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இல்லாத நிலையான கழிவு (வரி போடாமல் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) நமக்குக் கிடைக்கும். முதல் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதிய வரி பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு நம்மிடம் அதைப் பிடிக்கக் கூடாது.

பேருந்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளாகத்தின் நீலப் பேருந்துக்கு டிக்கெட்டே கிடையாது. நகரப் பேருந்தில் மாணவர் அட்டையைத் தேய்த்தால் போதும். கார் வாங்கும் எண்ணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். மேசை நாற்காலிக்குப் புதுக்கடை போகாதீர்கள். பல்கலைக்கழகம் கழித்துப் போடும் சாமான்களை விற்க ப்ராப்பர்ட்டி டிஸ்போசிஷன் என்று ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. யாரோ ஒரு பேராசிரியர் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலியைப் 15 டாலருக்கு வாங்கினேன். ஊர் திரும்பும்போது அதே 15 டாலருக்குத் திருச்சிப் பையன் ஒருவனுக்கு விற்றேன்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் ஊரிலேயே செய்ய வேண்டியது ஒன்று. தடுப்பூசிச் சான்றுகளை எடுத்து வையுங்கள், கண்ணாடி இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். மருத்துவ நிலையம் பல்லைப் பார்க்காது. பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் கொஞ்சம் மலிவாகப் பார்ப்பார்கள், ஆனால் ஒரு பல்லுக்கு மூன்று நான்கு முறை அலைய வேண்டும். என் கடைவாய்ப் பல் ஒன்று இறுதித் தேர்வு வாரமாகப் பார்த்துத்தான் வலிக்க ஆரம்பித்தது.