காலணி ஒரு பள்ளியில் மிச்சம், இன்னொன்றில் பற்றாக்குறை: என் பதில்

வணக்கம். வட்டாரத்திலுள்ள எல்லாப் பள்ளிகளின் தேவைப் பட்டியலையும் தொகுத்து அனுப்பிய பிறகும், விலையில்லாக் காலணி ஓரிடத்தில் மிஞ்சுகிறது, வேறிடத்தில் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழை இருக்காது. அளவெடுத்த விதத்தைப் பாருங்கள்.

பாடநூலுக்கு வகுப்புவாரியாகத் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரித்துத் தலைக்கணக்கு எடுத்தால் போதும். நோட்டுக்கும் புத்தகப்பைக்கும் வகுப்புவாரித் தலைக்கணக்கே போதும். காலணிக்கு அது உதவாது. பல பள்ளிகளில் சென்ற ஆண்டின் அளவையே பார்த்து எழுதிவிடுகிறார்கள்; வளரும் பிள்ளையின் கால் அதற்குள் ஓர் அளவு கூடியிருக்கும். குழந்தையை வெறுங்காலுடன் ஒரு தாளின் மேல், குதிகால் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு, சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். காலணி எண்ணாக மாற்றும் வேலையைப் பள்ளிகளிடம் விடாமல், ஒரே அட்டவணையை வைத்து நீங்களே செய்யுங்கள்.

இன்னொரு ஓட்டை ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி அந்தப் பிள்ளைகளை ‘முடித்துவிட்டார்கள்’ என்று கழித்துவிடும். ஆறாம் வகுப்பில் அவர்கள் இன்னும் சேர்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு பட்டியலிலும் விடுபட்டு, ஜூன் மாதத்தில் வெறுங்கையுடன் நிற்பது அவர்கள்தான். அவர்களுக்கென்று தனிப் பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

இப்போது மிஞ்சியிருப்பதை அடுத்த ஆண்டுக்கென்று பூட்டி வைக்காதீர்கள். இரு தலைமையாசிரியர்களின் இருப்புப் பதிவேட்டிலும் கையொப்பம் பெற்று, இந்த வாரமே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.